பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி

கொல்கத்தாவை ஒட்டிய பராநகருக்கு வந்து பரிமல் ஹால்தார் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எதையும் வாங்காத ஹால்தார்" என்று கேட்டுப் பாருங்கள், ரிக்‌ஷாக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்த ஹால்தார் நான்தான். பட்டம் சும்மா வரவில்லை. கூடத்துக்கு ஒரு மின்விசிறி வாங்க இரண்டு கோடை யோசித்தேன். எதன் இறக்கை எவ்வளவு வளைந்திருக்கிறது, எது சத்தம் போடும், எது மின்சாரத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு விசிறி செய்கிறவர்களுக்கே தெரிந்திருக்காது. வீட்டில் எல்லோரும் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டு என் ஆராய்ச்சி முடியக் காத்திருந்தார்கள். ஒருவழியாக வாங்கி மாட்டிய அன்று மழைக்காலம் தொடங்கியது.

பிழைப்பு நகராட்சியில். குடிநீர் இணைப்புப் பிரிவில் எழுத்தர். உங்கள் வீட்டுக்குக் குழாய் வேண்டுமென்றால் மனுவும் வரைபடமும் என் மேஜைக்கு வரும். வந்ததும் நான் யோசிப்பேன். நான் யோசித்து முடிக்கும்வரை நீங்கள் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கலாம்.

இதில் வேடிக்கை, ஊரில் யார் எது வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் படித்து வைத்திருப்பவன் வேறு யார்? ஹாருவின் டீக்கடை பெஞ்சில் மாலையில் நான் உட்கார்ந்தால், மிக்ஸி வாங்குகிறவனும் மோட்டார் வாங்குகிறவனும் சுற்றி நிற்பார்கள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவரவருக்குத் தோன்றியதை வாங்கிக்கொண்டு போவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டார்களே, அது போதும்.

இப்படிப்பட்டவனிடம்தான் என் மனைவி கேயா ஒரு நாள் வந்து கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள்.

கேயா பாலிடெக்னிக்கில் கட்டட வரைகலை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச காலம் ஒரு காண்டிராக்டரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பிறந்ததும் நின்றுபோனது. இப்போது மகள் புனேயில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. கேயா யாரிடமும் சொல்லாமல் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, பழைய படிப்பைத் தூசி தட்டி, சால்ட் லேக்கில் ஒரு நிறுவனத்தைப் பிடித்திருந்தாள். வீட்டிலிருந்தே வரையும் வேலை. முதலில் ஒரு சோதனை வரைபடம் போட்டு அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள்.

"இருபது வருஷமா என் கை மாவு பிசைஞ்சுதான் கெடந்துச்சு," என்றாள். "இது ஒண்ணு கெடச்சிருக்கு. வயசும் ஆயிடுச்சு, இன்னொரு தடவ எவனும் கூப்பிட மாட்டான். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். ஒரு மாசம் டைம் இருக்கு. ஏங்க, உங்களத்தான். ஒரு மாசம்னா ஒரே ஒரு மாசம்."

"ஒரு மாசமா? தாராளம்," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

அந்த ஞாயிறு மச்சினன் புபாய் சாப்பிட வந்தான். கேயாவின் தம்பி. சிந்தி முக்கில் மருந்து மொத்த வியாபாரம். எதையும் நின்ற நிலையில் வாங்குகிறவன். செருப்பு வாங்கப் போய் ஸ்கூட்டர் வாங்கி வந்திருக்கிறான்.

"இதுல என்ன யோசிக்க இருக்கு, ஜாமாய்பாபு?" என்றான். வீட்டு மாப்பிள்ளையை எங்கள் பக்கம் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். புபாய் வாயில் அது மரியாதையாக மட்டும் வராது. "கம்பெனிக்காரன் செஞ்சு, மூடி, சீல் வச்சுத் தரான். போன்ல அமுக்கினா நாளைக்கு வாசல்ல நிக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன்."

எனக்குச் சுருக்கென்றது. சோற்றில் ஹில்சா மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, இந்த மீனை எப்படி வாங்கினேன்? செவுளைத் தூக்கிப் பாத்தேன். கண்ணைப் பாத்தேன். வயித்த அமுக்கிப் பாத்தேன். சீல் வச்ச டப்பால மீன் வாங்குவியா நீ? உள்ள மட்டமான பவர் சப்ளை போட்டிருப்பான், பழைய போர்டு போட்டிருப்பான். உனக்குத் தெரியுமா? சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் ஒவ்வொரு பாகமா பாத்துப் பாத்து எடுத்து நம்ம கண்ணு முன்னாடி கட்டினாத்தான் அது கம்ப்யூட்டர்."

"நீங்க பாத்துப் பாத்து வாங்கின மீனத்தானே போன வாரம் அக்கா பூனைக்குப் போட்டா?"

"அது பூனைக்குன்னே வாங்கினது."

"ஒரு கிலோ மீனு, பூனைக்கு!" என்று புபாய் தொடையைத் தட்டிச் சிரித்தான். கேயா சிரிக்கவில்லை. "எதையாவது வாங்குங்க. தேதிக்குள்ள வாங்குங்க. நானும் கூட வரட்டுமா?" என்றாள்.

"சாந்தினி நெரிசல்ல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். வேலையே அவளுடையது என்பது எனக்குத் தோன்றவில்லை.

சாந்தினி மார்க்கெட்டில் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். வாங்கிய பழக்கம் இல்லை, கேட்ட பழக்கம். சந்துக்குள் சந்து, தோள் இடிக்க நடக்கும் கூட்டம், ஒரு ஆள் நிற்கும் அளவு கடைகளில் கூரைவரை அட்டைப்பெட்டி. என் தலையைப் பார்த்ததும் பாதிக் கடைக்காரர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஆலம்கீர் மட்டும் மாட்டுவான். ஒரு கம்ப்யூட்டர் கடையின் தலைமை மெக்கானிக் அவன். கை ஒரு பக்கம் ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். கொல்கத்தாவில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரும் தன் கையால்தான் உயிர் பெற்றது என்பது அவன் கட்சி. என்னைத் தாதா என்பான், எங்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் சொல்.

"கடைசில வாங்கவே வந்துட்டீங்களா, தாதா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது? சரி, சொல்லுங்க, விளையாட்டுக்கா, வேலைக்கா?"

"வேலைக்கு."

"என்ன வேலை? என்ன சாஃப்ட்வேர் ஓட்டப் போறாங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. "எல்லாம் ஹெவியான வேலை," என்றேன். "கட்டடம் கட்டணும்."

"அப்ப ராட்சசனா ஒண்ணு கட்டிடலாம்!" என்று ஆலம்கீர் கையைத் தட்டினான்.

அந்த வாரம் ப்ராசசர் தேர்ந்தெடுத்தேன். அடுத்த வாரம் அதைவிட நல்லது வரப்போகிறது என்று படித்ததால் மாற்றினேன். ப்ராசசரை மாற்றினால் மதர்போர்டு சேராது, அதையும் மாற்றினேன். கிராபிக்ஸ் கார்டு பெரிதாக எடுத்ததால் கேபினட்டுக்குள் நுழையவில்லை. கேபினட்டை மாற்றினேன். ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரியும் விசிறிகள். அந்த விளக்கு எதற்கு என்று கேட்டால் எனக்கே பதில் கிடையாது. பார்த்தேன், பிடித்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அப்புறம் நான் பார்த்ததும் முடிவெடுத்தது அந்த விளக்கு விஷயத்தில்தான்.

கேயா காலண்டரைக் காட்டுவாள். "இன்னும் ரெண்டு நாள்தான், ஆலம்கீர் ரேம் வரணும்னான்," என்பேன். புபாய் போன் செய்து, "ஜாமாய்பாபு, குழந்தை பொறந்துடுச்சா, இல்ல இன்னும் வலிதானா?" என்று கேட்பான்.

விசுவகர்மா பூஜைக்கு இரண்டு நாள் முன்புதான் பெட்டி தயாரானது. ஆலம்கீர் ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "பாத்து, பாத்து," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் பங்கு. சுவிட்சைப் போட்டதும் ஏழு நிறமும் சுற்றியது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கியது.

டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தெருவே வந்து பார்த்தது. ஹாரு கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தான். "பரிமல்தா, இது துர்கா பூஜைப் பந்தல் மாதிரி இருக்கே! உள்ள சாமி எங்க?" என்றான். கண்ணாடிக் கதவு இருந்தால் வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறது என்று அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். எல்லோரும் உள்ளே இருப்பதை நன்றாகப் பார்க்கட்டுமே.

கேயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நிறுவனம் கொடுத்த மென்பொருளை ஏற்றினாள். அவர்கள் அனுப்பிய பென்சில் குறிப்புத் தாள்களைப் பக்கத்தில் பரப்பிக்கொண்டாள். மறுநாள் முழுக்க வரைந்தாள். நடுவில் ஒருமுறை, "நல்லா ஓடுதுங்க," என்றாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு. அது விளக்கு வெளிச்சம் இல்லை, நான் உறுதியாகச் சொல்வேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பூஜை அன்று இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்த நிறுவனத்தின் முதலாளி மித்ரா பாபு, தங்கள் அலுவலகத்திலும் பகலில் பூஜை என்றும் இரவு உட்கார்ந்து பார்ப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

விசுவகர்மா பூஜை என்றால் எங்கள் ஊரில் ஒரு இயந்திரமும் ஓடாது. பஸ், அச்சகம், தறி, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் அன்று பூமாலை போட்டு ஓய்வு. சுத்தியலும் ஸ்பேனரும் யானை மேல் உட்கார்ந்திருக்கும் சாமியின் காலடியில் கிடக்கும். வானம் முழுக்கப் பட்டம். முக்கிலிருக்கும் பேட்டரி ரிக்‌ஷா ஸ்டாண்டில் பூஜை செய்ய வந்த சக்கரவர்த்தி புரோகிதரை ஸ்கூட்டரோடு இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இப்படி ஒரு இயந்திரம் வந்திருக்கிறது, பூஜை போடாமல் இருந்தால் எப்படி?

"ரெண்டே நிமிஷம்தான், ஹால்தார்," என்றார் அவர், ஸ்கூட்டரை அணைக்காமலே. "இன்னும் மூணு கேரேஜ், ஒரு ஐஸ் ஃபேக்டரி பாக்கி."

"ஏங்க, நான் வரையணும். இன்னிக்கு இது எதுக்கு?" என்றாள் கேயா.

"ரெண்டு நிமிஷம். நல்லதுக்குத்தானே?"

அவள் வரைந்ததைச் சேமித்துவிட்டு எழுந்து நின்றாள். கம்ப்யூட்டரை அணைக்கவா என்று கேட்டாள். நான் விடவில்லை. விளக்கு சுற்றிக்கொண்டிருந்தால்தானே பூஜைக்கு அழகு? தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில். சாமந்தி மாலை, குங்குமம், ஊதுபத்தி. சக்கரவர்த்தி ரயில் வேகத்தில் மந்திரம் சொன்னார். முடிந்ததும் செம்பில் மாவிலையை முக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார். சாந்தி ஜலம்.

இங்கேதான் நீங்கள் எங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். சாந்தி ஜலம் தலையில் விழ வேண்டும், பாதத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் பாவம். இது நாங்கள் நடக்கப் பழகும் முன்பே பழகிய பாடம். புரோகிதர் கை உயர்ந்ததும் கூடமே பரபரத்தது. பெண்கள் சேலையை இழுத்துப் பாதத்தை மூடினார்கள். ஹாரு தோளில் கிடந்த டீக்கடைத் துண்டைக் காலில் போட்டுக்கொண்டான். நான் வேட்டியை விரித்து என் இரண்டு பாதத்தையும் மூடி, போதாதென்று பக்கத்தில் நின்றிருந்தவன் பாதத்தையும் மூடினேன். அத்தனை பேரில் ஒருவருக்கும் நடுவில் வயிற்றைத் திறந்துகொண்டு மின்சாரத்தோடு உட்கார்ந்திருந்த பெட்டியை மூடத் தோன்றவில்லை. பூஜை யாருக்கோ அவருக்குத்தானே ஜலம் முதலில்? சக்கரவர்த்தி மாவிலையை நன்றாக முக்கி, கங்கை நீரைக் கம்ப்யூட்டர் மேல் தாராளமாக மூன்று வீச்சு வீசினார்.

டப் என்று ஒரு சத்தம். ஏழு நிறமும் போய்விட்டது. ஊதுபத்தி வாசனைக்கு நடுவில் கருகிய நாற்றம் ஒன்று எழுந்தது.

"ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி," என்று முடித்த சக்கரவர்த்தி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தட்சிணையைக்கூடக் கேட்காமல் ஸ்கூட்டரில் ஏறினார்.

சுவிட்சைத் தட்டினேன். பிடுங்கி மறுபடி சொருகினேன். ஆலம்கீருக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"தண்ணியா? எவ்வளவு தண்ணி? மூணு வீச்சா! தாதா, என் சர்வீஸ்ல டீ ஊத்தினவன பாத்திருக்கேன், பால் ஊத்தினவன பாத்திருக்கேன். அபிஷேகம் பண்ணினவர் நீங்க ஒருத்தர்தான்."

"இப்ப வரியா? டாக்சி அனுப்புறேன்."

"இன்னிக்கு எப்படி? முதலாளி எல்லாரோட டூல்ஸையும் வாங்கி சாமி முன்னாடி வச்சுட்டாரு. என் ஸ்க்ரூ டிரைவர் மாலை போட்டுட்டு உக்காந்திருக்கு. மார்க்கெட்டே பூட்டு. கரண்ட் மட்டும் குடுத்துடாதீங்க, காத்தாட விடுங்க. நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கேயா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். பென்சில் தாள்களை அடுக்கினாள், மென்பொருள் இருந்த பென்டிரைவோடு பையில் வைத்தாள், செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"புபாய் வீட்டுக்கு."

"வரைஞ்சதெல்லாம் இதுக்குள்ள..."

"தெரியும்," என்றாள். "மொதல்லேர்ந்து வரைவேன்."

அவள் முன்னால் நடந்தாள். மாலை போட்ட பெட்டியை மின்விசிறிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். அன்று வரச் சம்மதித்த ஒரே ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் போல இடம் இருந்தது.

புபாய் வீட்டுக் கம்ப்யூட்டர் கறுப்பாக, சின்னதாக, மருந்துப் பெட்டி போல மேஜைக்கடியில் கிடந்தது. விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் மருந்துக் கணக்குப் போட வாங்கியது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான்.

"மீன்தானேன்னு தண்ணியில விட்டுட்டீங்களா, ஜாமாய்பாபு?"

"இதுல அந்த சாஃப்ட்வேர் ஓடவே ஓடாது," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது ஓடக்கூடாது என்று மனசில் ஒரு மூலை வேண்டிக்கொண்டும் இருந்தது. இப்படியும் ஒரு புருஷன்.

ஓடியது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஓடியது, என்னை மாதிரி. ஆனால் ஓடியது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் வர ஆரம்பித்தன. நான் எட்டிப் பார்த்தேன். முப்பரிமாண மாளிகை எதுவும் இல்லை. ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துக்கான குடிநீர், கழிவுநீர்க் குழாய் வரைபடம். தட்டையான மெல்லிய கோடுகள். இதற்கு ராட்சசன் எதற்கு? புபாயின் மருந்துப் பெட்டியே அதிகம். ஒரு மாதம் நகரத்தில் இருந்த ஒவ்வொரு கடைக்காரனிடமும் பேசியவன், ஒரே கட்டிலில் படுத்தவளிடம் நீ என்ன வரையப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சும்மா நிக்காதீங்க," என்றாள் கேயா திரும்பாமல். "இந்தத் தாள்ல இருக்கற அளவப் படிங்க. ஒவ்வொண்ணா."

நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தேன். குழாயின் விட்டம், சரிவு, தொட்டியின் ஆழம். அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. என் மேஜைக்கு வரும் வரைபடங்களை இருபத்தைந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். சமையலறைக்குள் சாக்கடையை விட்டவர்கள் உண்டு, கிணற்றுக்குள் கழிவறையை வைத்தவர்கள் உண்டு. இது என் தொழில், இதில் எனக்குப் பார்வை உண்டு. இவள் போட்டதில் ஒரு கோடு தேவையில்லாமல் இல்லை. எந்த இடத்தில் அடைப்பு வரும் என்று யோசித்து அங்கே ஒரு திறப்பு வைத்திருந்தாள். பென்சில் குறிப்பில் அது கிடையாது.

"இது நீயா வச்சதா?" என்று கேட்டேன்.

"பசங்க பேப்பரெல்லாம் போடுவாங்க. அடைச்சா எங்க திறக்கறது? அடுத்த அளவு என்ன?"

இவ்வளவு தெரிந்தவள் இத்தனை நாள் என் வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த அளவைப் படித்தேன். குரல் கரகரத்தது, அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினாள். மேஜைக்கடியில் இருந்த பெட்டியை விட்டு நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு குடித்தேன்.

மொட்டை மாடிகளில் பட்டம் விட்டவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். புபாய் மனைவி கிச்சடியும் கத்தரிக்காய் வறுவலும் கொண்டுவந்து வைத்தாள். கேயா தொடவில்லை. கெடு தாண்டக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் மூவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் வந்தது. அவள் அதை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"மிசஸ் ஹால்தார், பாத்துட்டேன்," என்றார் மித்ரா பாபு. "அந்தத் திறப்பு விஷயம் எங்க ஆளுங்களுக்கே தோணல. திங்கட்கிழமைலேர்ந்து வேலை அனுப்பறேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். வீட்ல சொந்தமா கம்ப்யூட்டர் இருக்குல்ல? சிலர் இரவல் மெஷின்ல டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் முழிப்பாங்க, அதான். என்ன மெஷின்? கம்பெனி மாடலா?"

புபாய் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பராநகரில் மாலையோடு செத்துக் கிடக்கும் என் ராட்சசன் கண்ணுக்குள் வந்தது.

"இல்ல சார்," என்றாள் கேயா. அவள் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "கம்பெனி மாடல் இல்ல. எனக்குன்னே என் வீட்டுக்காரர் பாத்துப் பாத்து அவர் கையால கட்டினது."

"அட, பரவாயில்லையே!" என்றார் மித்ரா பாபு. "நம்ம ஊர்ல அப்படி ஒரு ஆளா? குடுத்து வச்சவங்க நீங்க."

"ஆமா சார்," என்றாள்.

போனை வைத்ததும் புபாய் எதையோ சொல்ல வாயெடுத்தான். கேயா ஒரு பார்வை பார்த்தாள். அவன் கிச்சடித் தட்டை எடுத்துக்கொண்டான். என்னை அவள் பார்க்கவில்லை. தன் தட்டை இழுத்து, நாள் முழுக்கச் சாப்பிடாதவள் சாப்பிடுவது போல வேகவேகமாகச் சாப்பிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. அவள் மேல் எனக்கு இவ்வளவு ஆசை கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

மறுநாள் சாந்தினியில் கடை திறக்கும் முன்பே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஆலம்கீர் பூஜைக் களைப்போடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பிரித்தான், மோந்தான், ஒவ்வொன்றாகச் சோதித்தான்.

"அல்லா இருக்கான், தாதா, கூட உங்க விசுவகர்மாவும் இருக்காரு. பவர் சப்ளை மட்டும்தான் போயிருக்கு. அதுதான் செத்து மத்ததக் காப்பாத்தியிருக்கு. மாத்திட்டா ஓடும். பத்து நிமிஷ வேலை, டீ குடிச்சிட்டு வாங்க."

"டீ வேண்டாம்," என்றேன். "எல்லாத்தையும் கழட்டு."

"எல்லாத்தையுமா? எதுக்கு?"

"போர்டு, ப்ராசசர், ரேம், விசிறி, எல்லாம். கடைசி ஸ்க்ரூ வரைக்கும் கழட்டி இங்க வை. ஸ்க்ரூ டிரைவரை என் கையில குடு. நீ வாயால சொல்லு, நான் மாட்டுறேன்."

ஆலம்கீர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகணும்னாவது தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"சாயங்காலம் ஆயிடும், தாதா. உங்க வேகத்துக்கு அடுத்த பூஜைகூட வந்துடும். எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"வீட்ல சொல்லிட்டாப்பா, என் கையால கட்டினதுன்னு," என்றேன். "கட்டணும்."

அவன் கடைசி ஸ்க்ரூ வரை கழற்றி மேஜையில் பரப்பினான். பிறகு ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான்.